உச்சத்தில் இருந்த குழுவை உதறிய டிரம்மர்: பில் ப்ரூஃபோர்ட் செய்தது சரியா?

#1 சிம்பல்காரன்

இந்த அரங்கில் லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பானம் பற்றி எத்தனை இழைகள் ஓடியிருக்கின்றன என்று எண்ணப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். கீத் மூன் உடைத்த டிரம்களுக்கும் குறைவில்லை. பில் ப்ரூஃபோர்டுக்கு மட்டும் தனி இழை ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கிறேன், கூடவே ஒரு சண்டைக்கும் பிள்ளையார் சுழி போடுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1949-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள செவனோக்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பிபிசி 2-இல் ஒளிபரப்பான 'ஜாஸ் 625' நிகழ்ச்சியில் அமெரிக்க ஜாஸ் டிரம்மர்களைப் பார்த்து ஆசை கொண்டவர். பிறந்தநாள் பரிசாகச் சகோதரி டிரம் வாசிக்கும் ஒரு ஜோடி பிரஷ் வாங்கித் தந்தார். இசைத்தட்டு உறையின் அட்டைமேல் அதைத் தேய்த்தால் ஸ்னேர் என்னும் சிறு டிரம் போலவே கேட்கும் என்று யாரோ சொல்ல, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அட்டையும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து பழகியிருக்கிறார். ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைச் சேர்ந்த லூ போகாக்கிடம் சில காலம் பாடம் கேட்டார். ஆக, ராக் இசை அவருடைய முதல் காதல் இல்லை. பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்பது என் கட்சி.

1968-இல் 'மெலடி மேக்கர்' இதழில் அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துப் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பாஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்குயரும் வந்தார்கள். 'யெஸ்' என்ற ராக் குழு பிறந்தது. சில வாரங்களிலேயே ஆள் குழுவை விட்டுவிட்டுப் பொருளாதாரம் படிக்க லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நவம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 'க்ரீம்' குழுவின் பிரியாவிடைக் கச்சேரிக்கு முன்னோட்டமாக யெஸ் வாசிக்க வேண்டியிருந்தபோது படிப்பைத் துறந்து திரும்பி வந்தார். வருவதும் போவதும் அவருக்கு அன்றே பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1972 ஜூலை. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் காத்திருக்கிறது. முந்தைய ஆல்பமான 'ஃப்ராஜைல்' நன்றாக விற்றிருக்கிறது. வயது 23. அந்த நேரத்தில் ப்ரூஃபோர்ட் விலகி, காசு வருமா வராதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாத 'கிங் கிரிம்ஸன்' குழுவில் சேர்கிறார். செப்டம்பரில் ஆல்பம் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடத்தையும் இங்கிலாந்தில் 4-ஆம் இடத்தையும் பிடித்தது. அதை மேடைகளில் வாசித்துக் கைதட்டு வாங்கியவர் ஆலன் ஒயிட்.

ராக் உலகில் ஒரு டிரம்மர் எடுத்த மிகச் சரியான முடிவு இது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

#2 வடக்குவீதி

கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டேன்.

தம்பி, நீங்கள் சொல்வதை அப்படியே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சுற்றுப்பயணம் தொடங்கும் நேரத்தில் டிரம்மர் கழன்றுகொள்கிறார். டாலஸ் நகரில் ஜூலை 30-ஆம் தேதி முதல் கச்சேரி. ஆலன் ஒயிட்டுக்குக் கிடைத்தது மூன்றே நாள். அந்தப் பாட்டுகள் எப்படிப்பட்டவை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற, எங்கே எண்ணிக்கை மாறும் என்று சொல்ல முடியாத ஒன்றை மூன்று நாளில் தலையில் ஏற்றிக்கொண்டு மேடையேறினார் அந்த மனிதர். பிறகு 2022-இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகள், அதே குழுவில் இருந்தார். அவருக்கு இழை எங்கே?

போனவர் போன இடமாவது நிலைத்ததா? 1974-இல் அதன் தலைவரான கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் கிங் கிரிம்ஸனைக் கலைத்துவிட்டார். இரண்டே ஆண்டு. வீட்டுக்கடன் வைத்திருக்கும் எவரும் இந்த முடிவைச் சரி என்று சொல்ல மாட்டார்.

#3 இரவல்_இசைத்தட்டு

இரண்டு பேரும் 'ஏன் போனார்' என்பதைத் தொடாமலே சண்டை போடுகிறீர்கள்.

யெஸ் ஒரு ஆல்பம் பதிவு செய்யும் முறையைப் பாருங்கள். லண்டன் அட்விஷன் ஸ்டூடியோ, ஒலிப்பொறியாளர் எடி ஆஃபர்ட். முழுப் பாட்டையும் ஒருமுறை வாசித்து முடிப்பது என்பதே கிடையாது. முப்பது விநாடி வாசிப்பார்கள், நிறுத்துவார்கள், விவாதிப்பார்கள், அடுத்த துண்டுக்குப் போவார்கள். பிறகு நாடாவை வெட்டி ஒட்டிக் கோப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து பேரின் சம்மதம் வேண்டும். ஸ்குயர் ஒலிக்கலவை மேசையில் இரண்டு குமிழ்களுக்கு நடுவே மணிக்கணக்கில் யோசிக்கிற ஆள். ப்ரூஃபோர்ட் அங்கேயிருந்த சோபாவில் தூங்கிப்போய், வெகுநேரம் கழித்து விழித்துப் பார்த்தபோதும் ஸ்குயர் அதே குமிழ்களிடம்தான் நின்றுகொண்டிருந்தாராம். ஜாஸ் கேட்டு வளர்ந்த, ஒரே மூச்சில் வாசித்துவிட்டு எழுந்து போக நினைக்கிற ஒருவருக்கு இது சித்திரவதை.

அதனால் அவர் ஓடியது வெற்றியைக் கண்டு பயந்து இல்லை. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' போன்ற ஒன்றை முடித்தபிறகு அதே முறையில் அதையே இன்னொருமுறை செய்யச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து வந்தது என்ன? நான்கு பக்கங்களில் நான்கே பாட்டு கொண்ட இரட்டை ஆல்பம்.

அந்த இரட்டை ஆல்பத்தின் பிறப்பே ஒரு வேடிக்கை. 1973 மார்ச்சில் ப்ரூஃபோர்டின் திருமணம். வரவேற்புக்கு வந்திருந்த ஜான் ஆண்டர்சன், கிரிம்ஸனின் தாளக் கலைஞர் ஜேமி மூரைச் சந்தித்தார். மூர் அவருக்குப் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் பரிந்துரைத்தார். அதில் இந்து சாஸ்திரங்களின் நால்வகை பற்றி ஓர் அடிக்குறிப்பு வருகிறது. அந்த அடிக்குறிப்பிலிருந்து எண்பது நிமிடத்துக்கு இசை எழுந்தது. குழுவை விட்டுப் போனவரின் கல்யாண வீட்டில்தான் அந்த ஆல்பத்துக்கு விதை விழுந்தது. வாசிக்கும் பொறுப்பு மட்டும் அவருக்கு இல்லை!

#4 மூன்றாம்_மாடி

நான் டிரம்ஸ் வாசிக்கிறவன், சரித்திரம் எனக்கு அவ்வளவாக வராது. கைக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஸ்னேர். எழுபதுகளில் பெரும்பாலானவர்கள் தோலின்மேல் டேப் ஒட்டியோ துணியைப் போட்டோ ரீங்காரத்தை அடக்கிவிடுவார்கள். 'தொப்' என்று அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ஒலிக்கும். ப்ரூஃபோர்ட் அடக்கவில்லை. கோலின் நுனி தோலிலும் உடல் இரும்பு வளையத்திலும் ஒரே கணத்தில் படும் ரிம்ஷாட் அவருக்குச் சிறப்பு அடி இல்லை, அன்றாட அடியே அதுதான். 'டங்' என்று ஒரு உலோகச் சுருதி கிளம்பி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அடி கேட்டாலே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். இந்த அடையாளம் உலகத்தில் மிகச் சில டிரம்மர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. பானமுக்கு பாஸ் டிரம், இவருக்கு ஸ்னேர்.

அடுத்து 'ஃப்ராஜைல்' ஆல்பத்தில் 'லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்'. ஆண்டர்சன் பாடும் இடத்தில் மற்றவர்கள் நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். டிரம் அடி மட்டும் ஐந்து அரைத்துடிப்புக்கு ஒருமுறை விழுகிறது. சதுஸ்ரத்தின் மேல் கண்டத்தை ஏற்றிவிட்ட மாதிரி. முதல் அடி சமத்தில் விழும், அடுத்தது விலகும், அதற்கடுத்தது இன்னும் தள்ளிப் போகும். கணக்குப்படி ஐந்து சுற்று ஓடினால்தான் இரண்டும் மறுபடி ஒன்றுசேரும். கேட்பவருக்கு எதுவும் பிசகியதாகவே தோன்றாது, ஏதோ ஒரு சிறு தள்ளாட்டம் இனிமையாக இருக்கும். 22 வயதில் இதைச் செய்திருக்கிறார். நான் இதை வாசிக்க முயன்றபோது கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார்.

#5 புதுவரவு

வணக்கம். இந்த இழையைப் படித்துவிட்டுக் கிங் கிரிம்ஸனிலிருந்து தொடங்கலாமே என்று 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தில் 'ட்ரையோ' என்ற பாட்டைக் கேட்டேன். வயலின், பாஸ், மெலோட்ரான் என்ற பழைய கீபோர்டு என்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தரை நிமிடத்திலும் டிரம் ஓசை ஒன்றுகூட வரவில்லை. ஆல்பத்தில் ப்ரூஃபோர்டின் பெயரும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த கோப்பில் ஏதாவது கோளாறா?

#6 சிம்பல்காரன்

கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான வாசல் வழியாக நுழைந்திருக்கிறீர்கள்.

அது 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ அரங்கில் மேடையிலேயே உருவான இசை. முன்தயாரிப்பு கிடையாது. டேவிட் கிராஸின் வயலினும் ஜான் வெட்டனின் பாஸும் மெல்லத் தொடங்கின, ஃப்ரிப் மெலோட்ரானில் சேர்ந்துகொண்டார். ப்ரூஃபோர்ட் எங்கே நுழையலாம் என்று பார்த்தார். நுழையத் தேவையில்லை என்று முடிவெடுத்தார். கோல்களை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசிக்காமல் விட்டதும் அந்த இசைக்கு ஒரு பங்களிப்புதான் என்று மற்ற மூவரும் கருதியதால் பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது.

யெஸ் குழுவில் இதற்கு இடமே இல்லை. அங்கே எல்லாரும் எல்லா நேரமும் ஏதாவது வாசித்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்றால், இரவல்_இசைத்தட்டு அக்கா சொன்ன அந்த ஜேமி மூரிடமிருந்து. சங்கிலி, இரும்புத் தகடு, ஊதல், காய்ந்த இலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்த விசித்திரப் பிறவி. இசைக்கு ஊழியம் செய்யத்தான் நீ இருக்கிறாய், உனக்கு ஊழியம் செய்ய இசை இல்லை என்ற பொருள்பட அவர் இளைஞனான ப்ரூஃபோர்டிடம் சொன்னதைப் பின்னாளில் ப்ரூஃபோர்டே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1973 தொடக்கத்திலேயே மூர் குழுவை விட்டு ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்துவிட்டார். சில மாதப் பழக்கம்தான். அந்தச் சில மாதத்துக்காகவே யெஸ் குழுவின் ஐந்து வருட வருமானத்தைத் தாரைவார்க்கலாம்.

#7 வடக்குவீதி

> அந்தச் சில மாதத்துக்காகவே யெஸ் குழுவின் ஐந்து வருட வருமானத்தைத் தாரைவார்க்கலாம்.

அடுத்தவர் வருமானத்தைத் தாரைவார்ப்பதில் உங்களுக்கு நிகர் யாருமில்லை.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கு இயற்றியவர் பட்டம்! சரி, போகட்டும். ஆனால் ஜான் பானமிடம் 'வாசிக்காதே' என்று யாராவது சொல்லியிருந்தால்...

#8 நெறியாளர்

பானம் வேண்டாம். அவருக்கு இருக்கிற இழைகள் போதும். அங்கே பூட்டுப் போடவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது.

#9 கணக்கர்

பணப் பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன்.

விலகியதற்கு ப்ரூஃபோர்ட் கைக்காசு கொடுத்திருக்கிறார். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தில் தமக்கு வரவேண்டிய உரிமைத்தொகையை, அதில் ஒரு அடிகூட அடிக்காத ஆலன் ஒயிட்டுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அது போதாதென்று மேலாளர் தரப்பு 10,000 டாலர் இழப்பீடும் வாங்கிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1972-இல் அது ஒரு வீட்டுக்கு முன்பணம்.

ஆனால் வடக்குவீதி ஐயா கவனிக்காத ஒன்று உண்டு. ராக் குழுக்களில் பணம் எங்கே இருக்கிறது? பாட்டை இயற்றியவர் யார் என்ற அந்த ஒற்றை வரியில். மேடைக் கூலி வரும் போகும், இயற்றியவர் பங்குதான் ஆயுள் முழுக்க வரும். டிரம்மருக்கு அந்த வரியில் இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு பாட்டின் உயிரே அவருடைய தாளத்தில் இருந்தாலும், மெட்டும் வரியும் போட்டவர்களுக்குத்தான் சட்டப்படி உரிமை. யெஸ் குழுவில் ப்ரூஃபோர்டுக்குத் தனியாகக் கிடைத்தது 'ஃப்ராஜைல்' ஆல்பத்தில் வெறும் 35 விநாடி. அவருடைய முதல் இசையமைப்பே அதுதான். 'ஃபைவ் பெர் சென்ட் ஃபார் நத்திங்' என்று பெயர். பழைய மேலாளர் ஒருவருக்குக் குழு கொடுக்க வேண்டியிருந்த பங்கைக் குத்திக்காட்டும் பெயர் அது. முதல் படைப்புக்கே தலைப்பு ஒப்பந்தக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது என்றால் ஆளின் சிந்தனை எங்கே இருந்தது பாருங்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில் 'ட்ரையோ' வேடிக்கை இல்லை. டிரம்மரும் இயற்றுகிறவர்தான் என்று ஒரு குழு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அவருடைய முப்பது வருட ஓட்டமும் அந்த ஒப்புதலைத் தேடித்தான் என்று எனக்குப் படுகிறது.

#10 இரவல்_இசைத்தட்டு

கணக்கர் சொன்னதற்கு 1976 நல்ல சாட்சி.

பீட்டர் கேப்ரியல் விலகியபிறகு ஜெனிசிஸ் குழுவில் டிரம்மர் ஃபில் காலின்ஸே பாடகரானார். பாடிக்கொண்டே மேடையில் எப்படி டிரம் வாசிப்பது? ப்ரூஃபோர்ட் அப்போது காலின்ஸின் நண்பர், வேலையும் இல்லை. வேறொருவர் கிடைக்கும்வரை நான் வாசிக்கிறேன் என்று போய்ச் சேர்ந்தார். கூலிக்கு வாசிக்கும் வேலை. பாட்டுகளெல்லாம் முன்பே முடிவானவை, ஒவ்வோர் இரவும் அதே இடத்தில் அதே அடி விழ வேண்டும். ஒரு சுற்றுப்பயணத்தோடு முடிந்தது. தமக்குச் சொந்தமில்லாத இசையில் ஈடுபாடு இல்லாமல் ஓரமாக நின்று குறை சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் அவரே தம்மைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு செஸ்டர் தாம்ப்ஸன் வந்தார், குழுவுக்கு அவர்தான் பொருந்தினார். 'செகண்ட்ஸ் அவுட்' நேரடிப் பதிவில் 'தி சினிமா ஷோ' மட்டும் ப்ரூஃபோர்ட் காலத்தது. கேட்டுப் பாருங்கள், அவரும் காலின்ஸும் சேர்ந்து வாசிக்கும் இடம் ஒன்று போதும், அந்தச் சுற்றுப்பயணம் வீணில்லை என்று சொல்ல.

கைநிறையச் சம்பளம் வரும் நாற்காலி அது. ஒட்டவில்லை.

#11 வடக்குவீதி

கணக்கர் ஐயா பேசினால் கேட்கத் தோன்றுகிறது, அதனால் என் கடைசி ஆயுதத்தை எடுக்கிறேன். நெறியாளர் பானமைத் தடைசெய்தார், சார்லி வாட்ஸைத் தடைசெய்யவில்லை.

வாட்ஸும் ஜாஸ் பிரியர். சார்லி பார்க்கரைக் கொண்டாடிச் சித்திரப் புத்தகமே போட்டவர். ராக் இசை அவருக்கும் முதல் காதல் இல்லை. விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்தவர், 1963 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். 2021 ஆகஸ்டில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஜாஸ் ஆசையை என்ன செய்தார்? ஸ்டோன்ஸ் ஓய்வெடுக்கும்போது சொந்தக் காசில் ஒரு பெரிய ஜாஸ் இசைக்குழுவைத் திரட்டிக்கொண்டு எண்பதுகளில் ஊர் ஊராக வாசித்தார். யாரையும் நடுவழியில் விடவில்லை, யாருக்கும் இழப்பீடு கட்டவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். வாட்ஸ் ஸ்னேரை அடிக்கும்போது, காலால் மிதித்து மூடும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். இரண்டும் சேர்ந்து ஒலிக்காது. பதிவில் கேட்டால் ஒன்றுமில்லை, ஆனால் ஸ்டோன்ஸ் பாட்டுகளின் அந்த மூச்சு விடும் தன்மை அங்கிருந்துதான் வருகிறது. இதுவும் வாசிக்காமல் விடும் கலைதான். கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்காராமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு அடியை விட்டுக்கொண்டே அறுபது ஆண்டு வாசித்தார்.

ஜாஸ் வேட்கை கொண்டவன் குழுவை விட்டுத்தான் ஆகவேண்டும் என்ற உங்கள் கட்சி இதோடு விழுந்தது.

#12 மூன்றாம்_மாடி

ஐயா, இது பலமான அடி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வாட்ஸ் 1963-இல் வாசித்த விதத்துக்கும் 2019-இல் வாசித்த விதத்துக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அதுதான் அவருடைய அழகு. ப்ரூஃபோர்டின் 1972-ஐயும் 1981-ஐயும் அடுத்தடுத்து கேளுங்கள். ஒரே மனிதர் என்று நம்புவது கடினம்.

1981-இல் ஃப்ரிப் மறுபடி கிங் கிரிம்ஸனைக் கூட்டினார். ஏட்ரியன் பிலூ, டோனி லெவின், ப்ரூஃபோர்ட். ஹை-ஹாட்டும் சிம்பலும் ஓயாமல் சிணுங்கிக்கொண்டிருக்கும் வழக்கமான ராக் டிரம் முறை வேண்டாம் என்பது ஃப்ரிப்பின் விருப்பம். ஒரு டிரம்மரிடமிருந்து சிம்பலைப் பிடுங்கினால் என்ன ஆகும் தெரியுமா? காலம் எங்கே ஓடுகிறது என்று கேட்பவருக்குக் காட்ட உங்களிடம் இருந்த முக்கியக் கருவி போய்விடுகிறது. வலது கைக்குத் திடீரென்று வேலையில்லை. அவர் அந்தக் கையை ஸ்லிட் டிரம், ஆக்டோபான், சிம்மன்ஸ் மின்னணு டிரம் என்று திருப்பிவிட்டார். 'டிசிப்ளின்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இரண்டு கிட்டார்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே போக, டிரம் பதினேழு துடிப்புச் சுற்றைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. 'ஃப்ராஜைல்' காலத்து இளைஞர் அந்த இடத்தில் இருபது முத்தாய்ப்பு வைத்திருப்பார்.

இடைப்பட்ட 1974-இல் 'ரெட்' ஆல்பத்தில் 'ஒன் மோர் ரெட் நைட்மேர்' இருக்கிறது. அதில் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சிம்பல் கேட்கும். ஒத்திகை நடந்த இடத்தில் யாரோ குப்பையில் போட்டுவிட்டுப் போன, விளிம்பு மடங்கிய சிம்பல் அது. காசு கொடுத்து வாங்கிய நல்ல சிம்பல் அந்த ஓசையைத் தராது. நான் இதற்காகவே ஒன்றை மடக்கிப் பார்க்கலாமா என்று யோசித்தேன், இப்போது சிம்பல் விற்கிற விலைக்கு மனம் வரவில்லை.

#13 கணக்கர்

மூன்றாம்_மாடி, மடங்கிய சிம்பல் வேண்டுமானால் கச்சேரிக்காரர்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடைகளில் கேளுங்கள். எடைக்குப் போடுவார்கள்.

#14 சிம்பல்காரன்

வடக்குவீதி ஐயாவின் வாட்ஸ் வாதத்துக்கு என் பதில்.

வாட்ஸுக்கு ஜாஸ் என்பது கேட்டு ரசித்ததைத் தானும் வாசித்துப் பார்க்கும் இன்பம். அதற்கு விடுமுறை போதும். ப்ரூஃபோர்டுக்கு வேண்டியிருந்தது வேறு. சொந்தமாக இயற்ற வேண்டும், ஒவ்வொரு இரவும் என்ன நடக்கும் என்று தெரியாத மேடை வேண்டும். அதை ஓய்வு நாளில் செய்ய முடியாது. கிரிம்ஸன் கலைந்தபிறகு சொந்தப் பெயரிலேயே குழு அமைத்தார். 'ஃபீல்ஸ் குட் டு மீ', 'ஒன் ஆஃப் எ கைண்ட்'. கிட்டாரில் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த், கீபோர்டில் டேவ் ஸ்டூவர்ட், பாஸில் ஜெஃப் பெர்லின். டிரம்மர் தலைமை தாங்கினால் டிரம் சோலோவாகக் கொட்டுவார் என்று பயந்து போய்க் கேட்டால், மெட்டுகள்தான் முன்னால் நிற்கின்றன.

1986-இல் 'எர்த்வொர்க்ஸ்'. ஜாங்கோ பேட்ஸ், இயன் பாலமி என்று லண்டனின் இளம் ஜாஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு யெஸ் பற்றியெல்லாம் பெரிய பக்தி இருந்திருக்காது. மின்னணு டிரம் தட்டுகளில் சுரங்களையும் சுரக்கூட்டுகளையும் ஏற்றி, கோலாலேயே மெட்டு வாசித்தார். பெரிய அரங்குகளை நிரப்பியவர் சின்னஞ்சிறு ஜாஸ் கூடங்களில். அந்தக் கருவிகள் அடிக்கடி பழுதாகி உயிரை வாங்க, 1997 வாக்கில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தோலுக்கும் மரத்துக்கும் திரும்பி எர்த்வொர்க்ஸை முழு ஜாஸ் குழுவாகவே மாற்றினார். டிரம்களை இடுப்பு உயரத்தில் தட்டையாக, நடுவில் ஹை-ஹாட், இரு பக்கமும் சமமாக என்று அடுக்கிக்கொண்டார். பழக்கத்தில் ஊறிய கை தானாகப் போகும் பாதையை மறிக்கவே அந்த அடுக்கு என்று நினைக்கிறேன்.

#15 வடக்குவீதி

அப்படியா? இவ்வளவு தூய்மையான கலைஞர் 1989-இல் பழைய யெஸ் கூட்டாளிகளான ஆண்டர்சன், வேக்மன், ஹௌ ஆகியோருடன் சேர்ந்து பழைய யெஸ் பாட்டுகளையே வாசிக்கப் போனாரே, அது எந்தக் கணக்கில் வரும்? 1991-இல் 'யூனியன்' என்று எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மேடையில் நின்றார்களே? அதில் ஆலன் ஒயிட்டும் ப்ரூஃபோர்டும் ஒரே நேரத்தில் வாசித்தார்களே? விட்டுப் போன நாற்காலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

#16 இரவல்_இசைத்தட்டு

பணத்துக்காகத்தான். அதை அவரும் மறைக்கவில்லை. 'யூனியன்' ஆல்பத்தைப் பற்றி அவரைவிடக் கடுமையாகத் திட்டியவர்கள் குறைவு. ஜாஸ் குழு நடத்துகிறவருக்கு எங்கிருந்தாவது காசு வர வேண்டுமே. மற்றவர்கள் கடை வைப்பார்கள், இவர் யெஸ்.

கணக்கர் மகிழ்வதற்காக ஒரு செய்தி: 2003-இல் ஜாஸ் பதிவுகளுக்கு 'சம்மர்ஃபோல்ட்', பழைய ராக் பதிவுகளுக்கு 'வின்டர்ஃபோல்ட்' என்று இரண்டு சொந்த நிறுவனம் தொடங்கித் தம் பதிவுகளைத் தாமே வெளியிட்டார். 35 விநாடியில் தொடங்கியவர்.

2009-இல் மேடையிலிருந்து ஓய்வு. அதே ஆண்டு சுயசரிதை. ரசிகர்களும் பேட்டியாளர்களும் ஆண்டாண்டாகக் கேட்ட அதே கேள்விகளையே அத்தியாயத் தலைப்பாக வைத்திருப்பார். யெஸ்ஸை ஏன் விட்டீர்கள் என்பதற்கும் ஒரு அத்தியாயம் உண்டு, நாம் இங்கே முட்டிக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பார். பிறகு சர்ரே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 2016-இல் முனைவர் பட்டம். பொருள் என்ன தெரியுமா? தேர்ந்த டிரம்மர்கள் தம் படைப்பாற்றலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது. லீட்ஸில் பாதியில் விட்ட படிப்பு போலவே இதுவும் போய்விடும் என்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பார்கள்.

2017-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் யெஸ்ஸுக்கு இடம் கிடைத்தபோது வந்து நின்றார். வாசிக்கவில்லை. வாசித்தது ஆலன் ஒயிட். வடக்குவீதி ஐயாவுக்கு இது திருப்தி தரும் என்று நினைக்கிறேன்.

#17 புதுவரவு

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றில் 'ஒன் ஆஃப் எ கைண்ட்', 'டிசிப்ளின்' இரண்டையும் கேட்டுவிட்டேன். வாதத்தில் வடக்குவீதி ஐயா பக்கம்தான் சாய்கிறேன், ஆலன் ஒயிட்டின் அந்த மூன்று நாள் என்னை விட்டு அகலவில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது என்னவோ ப்ரூஃபோர்டைத்தான். அடுத்து எதைக் கேட்கலாம்?

#18 மூன்றாம்_மாடி

'ரெட்' முழுவதும். பிறகு பேட்ரிக் மொராஸுடன் 1983-இல் செய்த 'மியூசிக் ஃபார் பியானோ அண்ட் டிரம்ஸ்'. இரண்டே பேர், ஒளிந்துகொள்ள இடமில்லை. கிரிம்ஸனின் 1995 'த்ராக்' ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிட்டார், இரண்டு பாஸ், இரண்டு டிரம் என்று ஆறு பேர். இன்னொரு டிரம்மரான பாட் மாஸ்டலாட்டோ தாளத்தைத் தரையில் ஊன்றிப் பிடிக்க, ப்ரூஃபோர்ட் அதன்மேல் ஏறி விளையாடுவார். காதணிக் கருவியில் கேளுங்கள், கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் சமையலறையில் பாத்திரம் விழுவதாக வீட்டில் நினைப்பார்கள்.

#19 சிம்பல்காரன்

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டோம். ஓய்வை அறிவித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், ப்ரூஃபோர்ட் மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். கிட்டார் கலைஞர் பீட் ராத்தின் மூவர் குழு. தலைவர் அவர், ப்ரூஃபோர்ட் அவருடைய டிரம்மர். சிறிய அரங்குகள், ஜாஸ். பீட் ராத் ஒரு காலத்தில் ப்ரூஃபோர்டின் டிரம்களை மேடையில் பூட்டிக் கழற்றும் உதவியாளராக இருந்தவர்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள், ஐயா?

#20 வடக்குவீதி

நல்ல குழு, கேட்டேன். எப்போது விலகுகிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அந்தப் பையனுக்கு மூன்று நாளாவது அவகாசம் கொடுக்கச் சொல்வோம்.